சுபைர் நானாவின் சகன் கணக்கு

சுபைர் நானா மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி கிண்ணியாத் துறையடியில் என் காதில் விழுந்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகப் பாதைப் படகுக்காகக் காத்து நின்றவன், அப்படியே திரும்பி நடந்தேன். வழியெல்லாம் எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

கப்பலில் ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணி எழுதுவதுதான், அவர் பென்சன் எடுக்கும்வரை, எங்கள் இருவருக்கும் வேலை. நான் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். அவர் அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, மேல்வரிசையில் குறைவதைக் கழித்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார். நான் வியர்த்து விறுவிறுத்து முடித்தால் அதே எண்தான் வரும். "இப்பதான் முடிச்சீங்களா தம்பி? உங்கட தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்பார். வாய்க்கொழுப்பு!

கலியாணமான வருடமே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். பிள்ளையும் இல்லை. மறுமணம் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவார்.

ஊரில் விருந்து என்றால் ஆட்களை இருத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குச் சகன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்போம். வந்தவர்களை ஆறால் பிரித்தால் சிலவேளை ஒருவர் மிஞ்சுவார். நாலு பேர் பார்க்கத் தனியே ஒரு சகனில் இருப்பதைப் போல வெட்கம் எங்களுக்கு வேறில்லை.

என் கலியாணத்தில் அப்படி மிஞ்சியவர் என் வாப்பா. காணி எல்லைத் தகராறில் பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவர் அவர். வாப்பாவோடு சேர்த்துச் சாப்பிட அறுபத்தொரு பேர் இருந்தார்கள். பத்துச் சகனும் மளமளவென்று நிறைந்துவிட்டன. மகனின் கலியாண வீட்டில் வாப்பா இருக்க இடமில்லாமல் நின்றார். மாப்பிள்ளைக் கதிரையை விட்டு நான் எழும்பப் பார்த்தேன்.

"சோத்தைப் போடாதீங்க!" என்று சுபைர் நானா சத்தம் வைத்தார். "கணக்குப் பிழைச்சுப்போச்சு. என்னைச் சேர்க்க மறந்துட்டன். இப்ப அறுபத்திரண்டு. கடைசிச் சகன்காரர் எழும்புங்க!"

எழும்பிய ஆறு பேரோடு வாப்பாவையும் தன்னையும் சேர்த்து, நால்வர் நால்வராக இரண்டு சகனில் இருத்தினார். வாப்பாவின் பக்கத்தில் தானே இருந்துகொண்டார். எதிரில் இருந்தவர் வாப்பாவோடு ஏழு வருடம் கதைக்காத மனிதர். யோசிக்க நேரம் கிடைக்காமல் அவரும் சோற்றில் கை வைத்துவிட்டார்.

பிழைத்ததாவது மண்ணாவது, அன்று அவர் சொன்னது சுத்தப் பொய். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

போன நோன்பு தொடங்க முதல்நாள் பள்ளிவாசலில் என் கையைப் பிடித்தார். பென்சன் எடுத்து ஆள் மெலிந்துபோயிருந்தார். "ஒரு நாளைக்கு நோன்பு திறக்க வீட்ட வாங்க தம்பி. தனியத் திறந்து திறந்து பேரீச்சம்பழமும் கசக்குது."

"ஓம் நானா, வாறன்" என்றேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. போகவும் இல்லை. தடுத்தது ஒன்றுமில்லை, என் சோம்பல்தான்.

ஜனாசாவை அடக்கிவிட்டு வரும்போது அவரது பக்கத்து வீட்டு ராத்தா என்னை நிறுத்தினார்.

"நீங்கதானே துறைமுகத்துத் தம்பி? நீங்க வருவீங்கண்டு நோன்பு முழுக்கப் பள்ளிக் கஞ்சி ரெண்டு கோப்பை வாங்கி வெச்சார். பாங்கு சொல்லி நெடுநேரம் பார்த்துட்டு, மத்தக் கோப்பையை எங்கட பிள்ளையளுக்குத் தருவார். 'இருபது போச்சு, இனிப் பத்து நாளுக்குள்ள ஒரு நாள்' எண்டார். பிறகு அஞ்சு எண்டார், ரெண்டு எண்டார். முப்பதாம் நோன்புக்குப் புதுச் சாரன் உடுத்திருந்தார். 'இனி வேற நாள் இல்ல ராத்தா, இண்டைக்குக் கட்டாயம் வருவார்' எண்டார்."

அன்று பின்னேரம் நான் என் வீட்டில்தான் இருந்தேன். அவர் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தூரம். அங்கே அவர் ஒரு கோப்பையைத் தட்டால் மூடிவைத்து, வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்.

நானா, அல்லாஹ் உங்களைப் பொருந்திக்கொள்ளட்டும். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.