இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

அத்தையின் கார் கைமாறிச் சில வருஷங்களாகிவிட்டன. இன்றைக்கும் எங்காவது இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனை வந்தால் எனக்கு அந்தப் பின்சீட்டுதான் ஞாபகம் வரும். சலவைக்கடைத் துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அத்தையின் வேலை. கார் சொந்தக் கார். பின்னால் கம்பி கட்டி, ஹேங்கரோடு துணிகளைத் தொங்கவிட்டிருப்பாள். லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்பின் தெரியாத பெரிய மனுஷர்களின் சட்டைக் கைகள் என் கன்னத்தைத் தடவும். எங்கள் வீட்டில் என் கன்னத்துக்கு வேறு மாதிரி மரியாதை.

அத்தை பதறி நான் பார்த்ததில்லை. பால் பொங்கினாலும் நடந்துதான் போவாள். மாமா நேரெதிர். தீப்பெட்டி நமுத்துப்போனாலே ஊரைக் கூட்டுவார். அவருக்கு நான் வைத்த பெயர் சைரன்.

அன்றைக்கு ஒரு பாட்டுக் குழுவின் கறுப்புக் கோட்டுகளை ஏற்றிக்கொண்டு போனோம். சாயங்காலம் அவர்களுக்குக் கச்சேரி. "இன்னொரு தடவை லேட்டானா நீ வரவே வேணாம்" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் இறக்கிவைக்க ஒத்தாசையாக சைரனும் முன்சீட்டில் வந்தார்.

பெரிய சாலையில் ஒரு வளைவைத் தாண்டியதும் வண்டி இருமியது. பிறகு எஞ்சின் அடங்கியது. அத்தை பிரேக்கை மிதிக்கவில்லை. ஓடிய வேகத்திலேயே உருளவிட்டு, ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரையும் போட்டாள்.

"தடுப்புப் பக்கமா இறங்குங்க. ரோட்டுப் பக்கக் கதவுல யாராவது கை வச்சீங்க, ஒடிச்சுடுவேன்."

அவளும் கியரைத் தாண்டி, மாமாவின் சீட்டு வழியாகத்தான் இறங்கினாள். அந்த உடம்புக்கு அது சர்க்கஸ். சிரிக்க வாயைத் திறந்தேன். ஒரு லாரி கடந்து போனது. நின்ற கார் தொட்டில் மாதிரி ஆடியது. வாயை மூடிக்கொண்டேன்.

இரும்புத் தடுப்பைத் தாண்டி, கார் வந்த வழியிலேயே பின்னோக்கிக் கொஞ்ச தூரம் நடத்திப்போய் ஒரு மேட்டில் என்னை நிறுத்தினாள். "எவனாவது இடிச்சா கார் முன்னாலதான் பாயும். அது பாயுற பக்கம் நமக்கென்னடா வேலை?"

மாமாவைக் காணோம். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கார் நின்றால் அதன் பின்னால் போய் நின்று கையை வீசி, சாலையையே ஆள்வார்கள். அப்பாவும் அப்படித்தான், சித்தப்பாவும் அப்படித்தான். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த சைரனுக்கும் தொற்றிவிட்டது. மின்னும் விளக்கை முழுசாக மறைத்துக்கொண்டு கைக்குட்டையை ஆட்டினார்.

"என்னங்க, லைட்டை மறைச்சுட்டு நிக்கிறீங்க. இங்க வாங்க."

"நான் நிக்கிறது அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியும்போது நீங்க இருக்க மாட்டீங்க."

வந்தார். இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு முதலாளிக்கும் போன் போட்டாள் அத்தை. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"கோட்டை எடுத்து டாக்ஸியில அனுப்பும்மா. அதுக்கென்ன கேடு?"

மாமா அதற்குள் தடுப்பின் மேல் ஒரு காலைப் போட்டுவிட்டார். "ஒரே ஓட்டம். அள்ளிட்டு வந்துடறேன்." அத்தை போனை விடாமல், இன்னொரு கையால் அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள்.

"இழுவை வண்டி வந்து பின்னால நின்னதும் எடுக்கிறோம் சார். அது வரைக்கும் யாரும் ரோட்டுல இறங்க மாட்டாங்க."

"அப்ப நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டு, பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "மாமா, பேன்ட் வந்துடப் போகுது, பாத்துக்குங்க" என்றேன். அத்தை சிரித்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

இழுவை வண்டி ஆடி அசைந்து வந்தது. அது வரைக்கும் எங்கள் காரை ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகளாக ஒதுங்கிப் போனார்கள். பாட்டுக்காரர்கள் கோட்டில்லாமல் பாடினார்களாம். வேலை போயிற்று, பின்னாலேயே காரும் போயிற்று. இப்போது அத்தை ஒரு தையல்கடையில் பட்டன் வைக்கிறாள். பஸ்ஸில் போகிறாள். ஸ்டியரிங் இல்லாமல் சும்மா மடியில் கிடக்கும் அந்தக் கைகளைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும்.

மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை. "ஒண்ணுமே ஆகலையே. ஒரு கீறல்கூட இல்ல. நான் போய் அள்ளியிருந்தா வேலையாவது தப்பிச்சிருக்கும்."

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "ஆமா. ஒண்ணும் ஆகலைன்னு தினம் சொல்லிக் காமிக்க ஆளு இருக்கு. எனக்கு அது போதும். அந்தத் தட்டை எடுங்க."

சைரன் சத்தமில்லாமல் தட்டை எடுத்துக் கொடுத்தார்.