அப்பாவின் முழங்கை

அப்பாவுக்கு இரண்டு முழங்கையிலும் சொரியாசிஸ். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கு, உடம்பில் ஒட்டியது எதுவானாலும் தேய்த்தால் போய்விடும் என்று நம்பிக்கை. ஷிப்ட் முடிந்து வந்து கரித்தூசியைத் தேய்க்கிற அதே பீர்க்கங்காய் நாரால் அதையும் தேய்ப்பார். புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். அழுக்கு விடுகிறது என்பார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தலைப்பிரசவத்துக்கு நான் அப்பா அம்மா இருந்த சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தேன். என் மகளை அப்பா ஒருநாளும் தூக்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். ஒட்டாது, வேண்டுமானால் டாக்டரைக் கேட்போம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தினமும் இரண்டு தடவை தேய்த்துவிட்டு, தொட்டிலுக்கு நாலடி தள்ளி நிற்பார். அவள் சிரித்தால் இவரும் சிரித்துவிட்டு முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும். நாங்கள் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா விளக்கு வைத்த சின்ன லென்ஸை முழங்கையில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். நெருக்கமாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு ரத்தக்குழாயின் நுனியாம். அழற்சி கண்ட தோல் தனக்கு ரத்தம் போதாதென்று குழாய்களைப் பெருக்கிக்கொள்ளும், அவை மேலே வரை ஏறி நிற்பதால்தான் தேய்த்ததும் கசிகிறது, தேய்க்கத் தேய்க்க நோய் கூடும் என்றார். அந்த வளர்ச்சியையே தடுக்கும் மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறதாம். இப்போதைக்கு அழற்சியை அடக்கினால் குழாய்களும் சுருங்கும் என்று மருந்து எழுதினார்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் வேலை. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கும். அதை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு கிளம்பும். அப்பா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பிரஷர் அடியில இருக்குது. நான் மேல மண்ணத் தள்ளிக்கினு இருந்திருக்கேன்."

பிறகு தயங்கிக் கேட்டார். "கொழந்தைக்கு ஒட்டுங்களா?"

"ஒட்டவே ஒட்டாதுங்க. போயி மொதல்ல தூக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். மறுபடியும் தேய்க்கத்தான் போகிறார் என்று சண்டைக்குத் தயாரானேன். நாரை எடுத்துவந்து குப்பைக்கூடையில் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். அவள் சட்டையில் செதில் உதிர்ந்தது. தட்டிவிடப் போன அவர் விரலை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசத்த வுட்டுட்டனே," என்றார்.

அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்காட்ட மூன்று மாதமாகக் காத்திருந்தவள் நான். அதை விட்டுவிட்டு, அவர் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தேன்.