மந்தைவெளிக்கு வந்த பத்தாவது ஆள்

காலை 5.40. திருச்சி ரயில் எழும்பூரில் என்னை இறக்கிவிட்டது. சென்னையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. பழைய அலுவலக நண்பர் பெஞ்சமினின் அப்பாவுக்கு இன்று முதல் நினைவு நாள். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பெஞ்சமினும் நானும் எங்கள் அலுவலகத்தின் மயிலாப்பூர்க் கிளையில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. டிசம்பர் வந்தால் அலுவலகம் முழுக்க அவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லும். நான் ஒரு கிலோ பிளம் கேக் வாங்கிக் கொடுப்பேன். ஒன்பதாவது வருடம்தான் மெல்ல வாயைத் திறந்தார். "மேடம், நாங்க கிறிஸ்டியன் இல்ல. யூதர்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"கேக் நல்லா இருந்துச்சு மேடம்."

காலை 8.00. எழும்பூரில் ஒரு விடுதியில் குளித்துவிட்டு, குமார் என்ற ஓட்டுநரின் ஆட்டோவில் லாயிட்ஸ் சாலைக்குப் போனேன். நான்கு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். "ரிட்டர்ன் வெறும் வண்டியாதான் வரணும்க்கா. வெய்ட் பண்றேன், நாள் பூரா ஓட்டிக்கலாம்" என்றார். ஆயிரத்து இருநூறுக்குப் பேசி முடித்தேன். வழியில் ஒரு சம்பங்கி மாலையும் வாங்கியிருந்தேன்.

அந்தச் சாலையில் பல நூறு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே ஒரு யூதக் கல்லறைத் தோட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. சின்ன இடம், சின்ன கேட். பெஞ்சமின் தலையில் வட்டத் தொப்பியோடு காத்திருந்தார். என் மாலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"பூ போட மாட்டோம் மேடம். கல்லு போதும்."

கீழே கிடந்த கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கி அப்பாவின் கல்லறைமேல் வைத்தார். நானும் ஒன்று வைத்தேன். மாலையைக் குமாரிடம் கொடுத்தேன். அடுத்த நிமிடம் அது ஆட்டோவின் முன்கண்ணாடிக்குப் போய்விட்டது.

பழைய கதையைப் பெஞ்சமின் நின்றபடியே சொன்னார். கோட்டையில் வெள்ளைக்காரர்கள் இருந்த நாளிலேயே யூத வியாபாரிகள் கப்பலில் இங்கு வந்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். நகரசபையில்கூட அவர்களுக்கு இடம் இருந்ததாம். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இல்லை. அவர்களுடைய கல்லறைக் கற்களில் சில வடசென்னையிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டவை. பெஞ்சமினின் அப்பா பம்பாயிலிருந்து வேலைக்காக வந்து, நாற்பது வருடம் இந்த ஊரிலேயே இருந்தவர்.

"இறந்தவங்களுக்காகப் பிள்ளை சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்கு மேடம். கதீஷ்னு பேரு. தனியா சொல்ல முடியாது, பத்து யூத ஆம்பளைங்க கூடணும். போன வருஷம் அப்பாவப் புதைச்சப்ப ஏழு பேருதான் இருந்தோம். அப்புறம் பம்பாய் போய்ச் சொன்னேன். ஆனா அவரு இந்த ஊரு மனுஷன். இங்கயே ஒரு தடவ சொல்லணும்."

இன்று மாலை சூரியன் மறைவதற்குள் பத்துப் பேர் கூட வேண்டும். மாதக் கணக்கில் போன் போட்டு ஆள் சேர்த்திருந்தார்.

காலை 11.00. பட்டினப்பாக்கம். பெஞ்சமினின் மனைவி சாரா மீன் வாங்க வந்திருந்தார். செதிலும் துடுப்பும் இருக்கிற மீனைத்தான் அவர்கள் சாப்பிடுவார்கள். இறால், நண்டு கிடையாது. மீன் விற்கும் அம்மாவுக்கு இது மனப்பாடம். "வா செதிலம்மா! சங்கரா எட்த்து வெச்சிகீறேன். எறா பக்கம் திரும்பாத, உனுக்கு ஆவாது" என்று கூடையைத் தள்ளினார். சங்கரா கிலோ நானூற்றைம்பது.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்கு வயிறு வலிக்கும். மந்தைவெளியில் அவர்கள் வீடு, மூன்றாவது மாடி. தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பு, சங்கரா வறுவல், சோறு. இறைச்சியோடு பாலைச் சேர்க்கக் கூடாது என்பதால் தயிர் கிடையாது. திருச்சிக்காரி ஒருத்தி தயிரில்லாமல் சாப்பாட்டை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.

மாலை 4.45. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தரமணியில் கணினி வேலை பார்க்கும் பம்பாய்ப் பையன்கள் ஐந்து பேர். தி.நகரில் நகைக்கல் வியாபாரத்துக்காக வந்து தங்கியிருக்கும் ஒருவர். அடையாற்றில் ஆராய்ச்சி செய்யும் அமெரிக்கப் பேராசிரியர், அவருடைய மகன். சாரா கூடத்தை ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று முணுமுணுத்தார். மனிதர்களை நேராக எண்ணக் கூடாதாம். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். எனக்குச் சட்டென்று புரிந்தது.

பெஞ்சமினோடு சேர்த்து, ஒன்பது இல்லை. அதாவது ஒன்பது.

பத்தாவது ஆள் டேனியல். அர்ஜென்டினாக்காரர், புதுச்சேரியில் யோகா படிப்பவர். 5.20க்கு அவர் போன் வந்தது. அடையாறு சிக்னலுக்கு முன்னால் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் அவர் வந்த வாடகைக் கார் அரை மணியாக நகரவில்லை. 6.15க்குச் சூரியன் மறையும். பெஞ்சமின் எழுந்து செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்க போறீங்க?" என்று சாரா தடுத்தார். "போய் நீங்களும் மாட்டிக்கிட்டா எட்டு."

 எந்த ஆணையும் வெளியே விட முடியாது. நான் பையை எடுத்தேன். "நான்தான் கணக்குலயே இல்லையே, நான் போறேன்."

கீழே குமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு ஆளுதானக்கா கொறையுது? நான் வந்து நிக்கிறேன்" என்றார். அது செல்லாது என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப அந்த ஆளையே தூக்கினு வந்துரலாம், குந்து" என்று வண்டியை எடுத்தார்.

பாலத்தைத் தாண்டி, சிக்னலுக்குச் சற்று முன்னால் குமார் ஆட்டோவை ஓரங்கட்ட, நின்றிருந்த கார்களுக்கு நடுவே நான் நடந்தேன். வெள்ளைக்காரர் ஒருவரைத் தேடிப்போனால், காவி ஜிப்பாவும் கழுத்தில் உருத்திராட்சமுமாக ஒரு சாமியார் கையை ஆட்டினார். அவர்தான் டேனியல்.

"இன்னாக்கா, சாமியார இட்டுகினு வர்ற?" என்றார் குமார்.

"ஓட்டுய்யா!"

பிறகு நடந்ததை ஆட்டோ ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பட்டினப்பாக்கத்துச் சந்துகளில் காய்கிற துணியை இடித்துக்கொண்டு, "நவுரு நைனா, நவுரு" என்று குமார் கத்தியபடி போனார். டேனியல் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தார். எனக்கு இந்த வயதிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படியேறும்போது டேனியல் உருத்திராட்சத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலை 6.02. ஜெபம் தொடங்கியது. பெஞ்சமின் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அது அரமேய மொழியாம். மரணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, கடவுளைப் புகழ்வது மட்டும்தான் என்று சாரா என் காதில் சொன்னார். பெஞ்சமின் நிறுத்தும் இடங்களில் மற்றவர்கள் சத்தமாக "ஆமென்" என்றார்கள். வாசலில் தலையில் கர்சீப் கட்டிக்கொண்டு நின்ற குமாரும் "ஆமென்" என்றார், எல்லாரையும்விட உரக்க. பெஞ்சமின் முடித்ததும் அழுகையும் சிரிப்புமாக என்னிடம் வந்தார்.

"அப்பா கேட்டிருப்பாரு மேடம்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை ரயிலில் என் அப்பாவின் திதியை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஐம்பது இலை விழும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பந்தி முடிந்த பிறகும் தெரியாது. மந்தைவெளியில் டேனியல் வாசலுக்கு வந்ததும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். போனில் மட்டும் பேசியிருந்த அந்த மனிதரைப் பெஞ்சமின் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு ஆள் உள்ளே வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.