அடிக் கணக்கு வாசித்த தலைவர்

2021 மார்ச் 6, சனிக்கிழமை. காலையில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டினேன். மருதனார்மடம் சந்தைக்குப் போய் வந்தேன். பிற்பகல் நான்கு மணிக்கு வழக்கம்போல் கணினியின் முன் அமர்ந்தேன்.

அந்த நாட்களில் நாங்கள் எட்டுப் பேர் இணைய விளையாட்டொன்றில் சேர்ந்து ஒரு பூதத்தோடு போரிட்டோம். தலைவர் கொடிகாமத்துக்காரர், பெயர் தெரியாது. திரையில் நெற்றி நிறையத் திருநீறும் பெரிய ஹெட்போனும் தெரியும். தோற்றதும், யார் எவ்வளவு அடித்தார், எப்படி விழுந்தார் என்று காட்டும் அட்டவணையைத் திறந்து, தன் பிழையைத்தான் முதலில் வாசிப்பார்.

அன்றும் தோற்றோம். அடித்த கணக்கில் நான்தான் கடைசி.

“அண்ணை பூதத்துக்கு அடிக்கிறாரோ, நுளம்புக்கு அடிக்கிறாரோ?” என்றார் எட்டுப் பேரில் ஒருவரான கரவெட்டி மருந்துக்கடைக்காரர். “வேறை ஆளைப் போடுவம், தலைவர்.”

குழுவில் என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“பொறுங்கோ. நான் ரெண்டு தரம் பூதம் கக்கிற நெருப்புக்குள்ளை நிண்டு செத்திருக்கிறன். நீங்கள் மூண்டு தரம்,” என்றார் தலைவர். பிறகு என்னிடம், “அண்ணை, உங்கடை அடி ஏன் குறைவெண்டு இதிலை தெரியுது. விழுந்த எங்களை எழுப்பத்தானே ஓடித் திரியிறியள்?”

“ஓம்.”

“இனி ஓடாதேங்கோ. நிண்டு அடியுங்கோ. நாங்கள் விழாமல் பாக்கிறம்.”

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். “சரி அண்ணை, இனி நெருப்பைப் பாத்து நிக்கிறன்.”

சில மாதங்களில் குழு கலைந்துவிட்டது. கணக்குப் பார்க்கும் மேலதிகாரிகள் பலரை, முன்பு வேலை செய்த அலுவலகத்தில் கண்டிருக்கிறேன். தன் பிழையிலிருந்து தொடங்கியவர் அந்தத் தலைவர் ஒருவர்தான்.

அன்று தோற்றதற்கு மறுநாள் காலை, தேநீருக்கு முன்பே விளையாட்டின் பயிற்சிக் களத்தைத் திறந்து, நின்ற இடத்தில் நின்று அடித்துப் பழகினேன்.