அமாவாசையைக் கேட்டவர்

அடுக்களையிலிருந்து ‘டக், டக்’ என்று அலகு தட்டும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் நிமிர்ந்தார்.

“என்னம்மா அது?”

“கோழிக்குஞ்சு,” என்று முப்பிடாதியம்மாள் கூசாமல் பொய் சொன்னாள். கூட்டிலிருந்து விழுந்த நாரைக்குஞ்சைக் கூடையில் வைத்து அவள் மீன் ஊட்டி வளர்ப்பது சுந்தரபாண்டியபுரம் ஊருக்கே தெரியும்.

எழுபத்தாறாம் வருஷம் கணவன் இறந்த துக்கத்தை அவள் குளக்கரையில்தான் அழுது தீர்த்தாள். அன்றுமுதல் அந்தக் கரை மரங்களில் கூடு கட்டும் நாரைகளே அவளுக்குப் பிள்ளைகள். குஞ்சுகள் பறக்கும்வரை குளத்தில் வலை வீசக்கூடாது, கரையில் கொட்டுமேளம் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஆறு வருஷமாகக் கூலியில்லாமல் அவள்தான் காவல்.

வந்தவர் குற்றாலத்தில் தங்கியிருக்கிறாராம். பறவைகளைப் படம் பிடிப்பாராம். அருவி வற்றிக் கிடக்கும் மாசி மாதத்தில் குற்றாலத்தில் இவருக்கு என்ன வேலை?

“எந்த மரத்துல நெறைய அடையும்? அமாவாசை என்னைக்கும்மா?”

“படம் புடிக்க வெளிச்சம்லா வேணும்? நீங்க இருட்டைக் கேக்கீய!”

“சும்மாதான் கேட்டேன்.” அவர் கை, பெரிய பையைக் காலுக்குப் பின்னால் தள்ளியது.

“அமாவாசைக்கு ஊரே கரையிலதான் காவல் கெடக்கும். போன வருசம் ஒருத்தன் நாரை புடிக்க வந்து வலையோட மாட்டுனான். அவனைக் கட்டிவச்ச வேப்பமரத்தை வேணும்னா படம் புடிச்சுக்கிடுங்க.”

அவர் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அப்படி ஒருவனும் மாட்டியதில்லை. அமாவாசைக்கு ஒருவரும் கரைக்கு வந்ததில்லை. நாலே நாள் இருக்கிறது. வீடு வீடாகப் போய் யார் காலில் விழுந்தாவது கரைக் காவலுக்கு அழைத்துவர வேண்டும் என்று எண்ணியபடியே அவள் கதவைச் சாத்தினாள்.