வீம்பு அவருக்கு, வைராக்கியம் எனக்கு

தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து பிறருக்குக் கடிதம் எழுதிப் பிழைப்பவனுக்கு, மை தீருவதற்கு முன்பே பொறுமை தீர்ந்துவிடும். மதுரையில் பதினைந்து வருஷமாக அப்படிப் பிழைப்பவன் நான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

சொன்னது ஒன்று

பழங்காநத்தத்துப் பேச்சியம்மா, எழுமலையில் இருக்கும் அண்ணன் ஒச்சப்பனுக்குக் கார்டு எழுத வந்தாள். மகனுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். முறைப்படி வெற்றிலை பாக்கோடு நேரில் போய் மாமனை அழைக்க வேண்டும். இவள் போக மாட்டாள். அண்ணன் தன் வீட்டு விசேஷத்துக்கு இவளை நேரில் வந்து அழைக்காமல் கார்டு போட்டாராம். இவளும் கார்டுதான் போடுவாளாம். இந்த இழுபறியில் பையனுக்கு ஐந்து வயதாகிவிட்டது.

"அவருக்கு வீம்பு. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு எழுதுங்க" என்றாள். சொல்லிவிட்டு, கார்டு என்றைக்குப் போய்ச் சேரும் என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. உனக்கு மட்டும் வீம்பு இல்லையா தாயி என்று கேட்டேன்.

"அவருக்கு இருக்குறது வீம்பு. எனக்கு இருக்குறது வைராக்கியம்."

எழுதியது ஒன்று

அவளுக்குப் படிக்கத் தெரியாது. 'அண்ணா, நீங்கள் வராமல் என் வீட்டில் விசேஷமே இல்லை, என் பிழை பொறுத்து வர வேண்டும்' என்று நானாக எழுதிப் பெட்டியில் போட்டேன். அடியில் 'எழுதியவன்' என்று என் பெயரைப் போடுவது வழக்கம். நாலாம் நாள் உச்சிவெயிலில் அந்தக் கார்டோடு ஒச்சப்பன் என்னைத் தேடி வந்து நின்றார்.

"என் தங்கச்சி உசிரே போனாலும் இப்படிக் கெஞ்ச மாட்டா. அவளுக்கு மேலுக்கு முடியலையா?" என்றார். நான் பதில் தேடி விழித்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"மறைக்க வேணாம்ணே. நானே போய்ப் பாத்துக்கிறேன்."

விசேஷம் முடிந்து

மாமன் மடியிலேயே காது குத்தியாகிவிட்டது. அடுத்த வாரம் அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். பலகாரம் கொண்டுவருகிறார்கள் என்று நான் சப்பணத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் சொல்லாதத எழுத நீங்க யாரு? எழுமலை பூரா நான் கெஞ்சுனேன்னுல்ல பேச்சு" என்று பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள். நீ சொன்னபடி எழுதியிருந்தால் இவர் வந்திருப்பாரா என்றேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை.

"வந்திருக்க மாட்டேன். அதுக்காக எந்தங்கச்சியக் கெஞ்ச வைப்பீகளா?"

அன்று முதல் சொன்னதைச் சொன்னபடிதான் எழுதுவேன், ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன் என்று உறுதியாக இருக்கிறேன். என் மனைவி அதற்கு வீம்பு என்றுதான் பேர் வைத்திருக்கிறாள்.