நீலக் கோட்டில் நின்ற மார்க்கர்

வேனை விட்டு இறங்கியதும் அவள் முதல் மார்க்கரைச் சந்தேகப்படுகிற இடத்தில் வைப்பதே இல்லை. தன் கம்பெனி டவரின் சிக்னல் மேல்தான் வைப்பாள். "நம்மாளு வீட்டுல இருக்கானான்னு மொதல்ல பாத்துக்கணும். அப்புறம்தான் திருடனைத் தேடணும்" என்பாள். கழுத்தில் பட்டை போட்டுத் தொங்கும் அந்தக் கருவி ஸ்பெக்ட்ரம் அனலைசர். காற்றில் ஓடுகிற ரேடியோ அலைகளை ஒரு கோடாகத் திரையில் வரைந்து காட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கோடு வெட்டிவிட்ட புல்லைப்போலத் தரையோடு கிடக்கும். இருக்கிற இடத்தில் எழுந்து நிற்கும். அந்தக் கோட்டின் மேல் போய் உட்காருகிற சின்னப் புள்ளிதான் மார்க்கர். உட்கார்ந்த இடத்தின் உயரத்தைத் திரையின் மூலையில் எண்ணாகச் சொல்லும்.

செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை, தங்கள் சிக்னலுக்குக் குறுக்கே யார் வருகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. ஆபீசில் எல்லாருக்கும் அவள் மார்க்கர் அக்கா. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பேனா விற்க வந்தவள் என்று வாசலோடு திருப்பி அனுப்பிய வாட்ச்மேனும் உண்டு.

இரண்டாவது மார்க்கரை முதலாவதோடு கட்டிவிட்டால் அது தன் உயரத்தைச் சொல்லாது. முதலாவதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் சொல்லும். இந்த வித்தியாசங்களையே பார்த்துப் பார்த்து அவள் பேச்சும் அப்படி ஆகிவிட்டது. உப்பு சரியாக இருக்கிறதா என்று மாமியார் கேட்டால், "நேத்தைவிடக் கொஞ்சம் கம்மி" என்பாள். "சரியா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுடி!" என்று அவர் கரண்டியை ஓங்குவார். அவள் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு: "பொண்ணு பாக்கப் போனப்ப என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். போன வாரம் வந்தவரைவிடப் பரவாயில்லன்னு சொன்னா." அவள் மறுப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது, அவ்வளவு நல்லதல்ல. கோட்டைப் பார்க்க மாட்டாள், எண்ணைத்தான் பார்ப்பாள். "கோடு கண்ணைக் கட்டும். நம்பர் பொய் சொல்லாது." அவளோடு எப்போதும் போகிற வேன் டிரைவர் வயதில் மூத்தவர். யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் தங்கச்சி, இருந்தால் மேடம். "அப்ப நானும் ரோட்டைப் பாக்காம ஸ்பீடு முள்ளை மட்டும் பாத்து ஓட்டுறேன், வர்றியா தங்கச்சி?" என்பார்.

போன மாதம் ஒரு நெருக்கமான தெருவில் யாருக்கும் போன் சரியாகப் போகவில்லை என்று புகார். குறுக்கே வந்த சிக்னல் தலைகாட்டும், மறையும். நழுவுகிறவனைப் பிடிக்க, உச்சத்தை விடாமல் வைத்திருக்கும் வசதியைப் போட்டாள். திரையில் இப்போது இரண்டு கோடுகள். மஞ்சள், இந்த நொடியில் இருப்பது. நீலம், இதுவரை ஏறியதிலேயே உயரமானது. நாமாகத் துடைக்கிறவரை இறங்கவே இறங்காது. மார்க்கரை நீலத்தின் மேல் ஏற்றிவிட்டு, மீன்முள் மாதிரியான ஆன்டெனாவை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நீலத்தைத் துடைத்துப் புதிதாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அது கொண்டுபோய் விட்டது ஒரு தையல்காரியின் வாசலில். முன்னறையில் தையல் மெஷின். அதற்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பெட்டி, சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர். வெளிச்சுவரில் அதற்கு ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்ததுபோல, அது யார் காதுக்கும் கேட்காமல் தெரு முழுக்க ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"எதுத்தாப்புல மாடி கட்டுனதுலேருந்து வீட்டுக்குள்ள டவரே எடுக்கல மேடம்" என்றாள் தையல்காரி. "எனக்கு ஆர்டர் எல்லாம் போன்லதான். அடிச்சு எடுக்கலேன்னா அடுத்த தெருவுக்குப் போயிடுறாங்க. பொட்டியை எடுத்துட்டா நான் மெஷினை மூடி வெச்சுட்டு உக்கார வேண்டியதுதான்."

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

தையல்காரி அணைத்தாள். மூலையில் எண் அப்படியே இருந்தது.

"இன்னொன்னு எங்க வெச்சிருக்கீங்க?"

"இது ஒன்னுதான் மேடம்."

"நம்பர் குறையலையேம்மா. உள்ள இன்னொரு பொட்டி ஓடுது."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொல்லல? இவ வீட்டுலேருந்துதான் எல்லாம்" என்றாள். தையல்காரியின் முகம் சிவந்தது. அலமாரியைத் திறந்தாள், துணி மூட்டைகளை இழுத்துப் போட்டாள். "பாருங்க. நல்லாப் பாருங்க. என் புள்ள மேல சத்தியமா ஒன்னுதான்." அதோடு நிற்காமல் விறுவிறென்று போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது.

எண் அசையவில்லை. ஒரு துளிகூட அசையவில்லை.

அப்போதுதான் மார்க்கர் அக்காவுக்குச் சுருக்கென்றது. உயிரோடு இருக்கிற சிக்னலுக்குக் கடைசி இலக்கம் ஓயாமல் நடுங்கும். இது கல்லில் வெட்டியதுபோல நின்றது. எண்ணை விட்டுக் கோட்டைப் பார்த்தாள். மஞ்சள் எப்போதோ விழுந்து தரையோடு கிடந்தது. துடைக்க மறந்த நீலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, பெட்டி அணையும் முன்பு ஏறியிருந்த உயரத்தையே மார்க்கர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்த டிரைவருக்கும் புரிந்துவிட்டது.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "இந்தம்மா சொன்னது நிஜம். ஒரு பொட்டிதான். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்." கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற குரல்.

"அப்ப இனி போன் போகுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போகும். வீட்டுக்குப் போய் அடிச்சுப் பாருங்க."

கூட்டம் கலைந்தது. மெயினைப் போட்டுவிட்டு வந்த தையல்காரியிடம், "பொட்டியைத் திருப்பி மாட்டக் கூடாதும்மா. அதுல என்னால ஒன்னும் பண்ண முடியாது" என்றாள். தையல்காரி பெட்டியைக் கழற்றி, வயரைச் சுற்றி, டிரைவர் கையில் கொடுத்தாள்.

வேலை முடிந்தது. ஆனால் மார்க்கர் அக்கா கிளம்பவில்லை. நீலத்தை அணைத்துவிட்டு, டவரின் சிக்னல் மேல் மார்க்கரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். முன்னறையில் சிக்னல் செத்துக் கிடந்தது. நடு அறையில், "முன்னாடியைவிடப் பரவாயில்ல." பின்னறையில் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்த மூட்டைகளை நகர்த்தினாள். இரண்டு கட்டிடங்களின் சந்தில் டவரின் உச்சி தெரிந்தது. கோடு நிமிர்ந்தது. இந்தத் தடவை அவள் கோட்டைத்தான் பார்த்தாள். "போனை இங்க வைங்க. அண்ணே, அடிச்சுப் பாருங்க."

ஜன்னல் விளிம்பில் போன் கணீரென்று அடித்தது. தையல்காரி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். "இங்க அடிக்கும், சரி. முன்னால மெஷின் ஓடுற சத்தத்துல எனக்கு எப்படிக் கேக்கும்? மெஷினை இங்க போடலாம்னா, கால் பூரா இரும்பு. மோட்டார் பக்கம் அசைக்கவே முடியாது."

மார்க்கர் அக்கா கழுத்துப் பட்டையைத் தலைவழியாகக் கழற்றி, அனலைசரைத் துணி மூட்டையின் மேல் வைத்தாள். மோட்டார் பக்கம் குனியப் போன டிரைவரை, "நீங்க அந்தப் பக்கம் புடிங்கண்ணே" என்று மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, கனமான பக்கத்துக்குத் தான் கை கொடுத்தாள்.